விளையாட்டின்மேல் உயிர், ஆட்டம் மட்டும் சுமார்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

சில பிள்ளைகளுக்குப் பந்தைக் கண்டால் போதும், வேறு எதுவும் நினைவில் இருக்காது. ஆனால் அந்தப் பந்துதான் அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. வருடக்கணக்காகத் தவறாமல் பயிற்சிக்குப் போவார்கள், டீம் பட்டியலில் பெயர் இன்னும் கடைசியில்தான் இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் மைதானத்தின் ஓரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

என் பிள்ளைக்குத் திறமை இல்லை என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

சின்ன வயதில் உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியாது. எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து ‘இவனுக்கு வராது’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் கோச்சாகவே இருந்தாலும் அது ஜோசியம்தான்.

திறமைக் குறைவு போலத் தெரிவது வேறு ஏதாவதாக இருக்கலாம். முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள். வயது வாரியாகப் பிரித்து நடத்தும் போட்டிகளில், ஒரே பிரிவில் ஆடும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்க முடியும். 9 வயதில் ஒரு வருடம் என்பது அதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் ஒன்பதில் ஒரு பங்கு. உயரம், பலம், ஓட்டம் எல்லாவற்றிலும் அது தெரியும். கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களுடைய பிறந்த மாதங்களை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1980களில் எடுத்துப் பார்த்தார். மேல்மட்ட அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள். வருடக் கடைசியில் பிறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். அங்கே வயதுக் கணக்கு ஜனவரி 1 அன்று தொடங்குகிறது, அதுதான் காரணம். கால்பந்து உட்பட வேறு பல விளையாட்டுகளிலும் பின்னால் இதே போக்கைக் கண்டார்கள். சில மாதம் மூத்தவன் தேர்வாகிறான், தேர்வானதால் நல்ல பயிற்சி கிடைக்கிறது, பயிற்சியால் இன்னும் நன்றாக ஆடுகிறான். கடைசியில் எல்லோரும் அதற்குத் திறமை என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது வளர்ச்சி. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மளமளவென்று உயர்கிறார்கள். சிலருக்கு இது ஓரிரு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். அதனால் ஒரே வகுப்பில் மீசை அரும்பியவனும் இன்னும் குழந்தை முகம் மாறாதவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வேகமாக உயரும் மாதங்களில் கை கால் நீளம் மாறிக்கொண்டே இருப்பதால், அதுவரை நன்றாக ஆடிய பிள்ளையே கொஞ்ச நாள் தடுமாறுவதும் உண்டு.

கண்ணையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். கேட்ச் பிடிக்கத் தெரியாதவன் என்று பெயரெடுத்த பிள்ளைக்குப் பந்து கிட்டே வரும்வரை மங்கலாகவே தெரிந்திருக்கலாம். தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். ஓடினால் சீக்கிரம் மூச்சு வாங்கி இருமல் வருகிறதா? உடற்பயிற்சியின்போது கிளம்பும் ஆஸ்துமாவாக இருக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சட்டைப் பொத்தான் போடுவது, ஷூ லேஸ் கட்டுவது, சைக்கிள் பழகுவது, எழுதுவது என்று மைதானத்துக்கு வெளியிலும் எல்லாவற்றிலும் திணறல் இருந்தால் கதை வேறு. உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதிலேயே சில பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு இருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 சதவீதம் பேருக்காவது இது இருக்கும் என்கிறார்கள். அதற்கும் சோம்பலுக்கும் சம்பந்தமில்லை. குழந்தை மருத்துவர் மூலமாக ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டை, அதாவது அன்றாட வேலைகளுக்கான அசைவுகளைப் பழக்கும் நிபுணரை, பார்த்தால் நல்ல பயன் உண்டு.

சரி, இதெல்லாம் பார்த்தாயிற்று. வயதும் சமம், இரண்டு மூன்று வருடம் ஒழுங்கான பயிற்சியும் கிடைத்திருக்கிறது, அப்போதும் கூட ஆடுகிறவர்களைவிட மெதுவாகத்தான் வருகிறது. அப்படியானால், ஆமாம், இந்த விளையாட்டு உங்கள் பிள்ளைக்குச் சுலபமாக வரவில்லை. மீதிக் கேள்விகள் அதைப் பற்றித்தான்.

நன்றாகப் பயிற்சி செய்தால் யாரும் உச்சத்துக்குப் போகலாம், பத்தாயிரம் மணி நேரம் போதும் என்கிறார்களே?

அந்த எண், 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரின் குழுவினர் வெளியிட்ட வயலின் மாணவர்கள் பற்றிய ஆய்விலிருந்து கிளம்பியது. அந்த மாணவர்களில் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகச் சுமார் அவ்வளவு நேரம் தனியாகப் பயின்றிருந்தார்கள். சராசரிதான். அதைத் தொட்டவர்கள் எல்லாம் மேதையாகிவிடுவார்கள் என்று எரிக்சன் சொல்லவில்லை. அப்படிப் புரிந்துகொண்டவர்களை அவரே மறுத்தார். பிற்பாடு புரூக் மெக்நமாரா என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, விளையாட்டில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் சுமார் 18 சதவீதத்தைத்தான் முறையான பயிற்சியின் அளவைக் கொண்டு விளக்க முடிந்தது. மிச்சம் உடல்வாகு, வயது, வாய்ப்பு, இன்னும் எத்தனையோ.

உயரம் தாண்டுதலில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஸ்வீடனின் ஸ்டெஃபான் ஹோல்ம் சிறு வயதிலிருந்தே அதற்காகவே வாழ்ந்தவர், 2004 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். பஹாமாஸின் டொனால்ட் தாமஸ் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர், 2006இல்தான் உயரம் தாண்ட ஆரம்பித்தார். 2007இல் ஒசாகாவில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் வென்றது தாமஸ். ஹோல்முக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அதே சமயம், 1.81 மீட்டர் மட்டுமே உயரமுள்ள ஹோல்ம் அந்த விளையாட்டில் ஒலிம்பிக் தங்கம் வரை போனதும் பயிற்சியால்தான். இரண்டும் உண்மை.

இதையெல்லாம் பிள்ளையிடம் போய்ச் சொல்ல வேண்டாம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ‘உழைத்தால் கட்டாயம் ஜெயிப்பாய்’ என்று சத்தியம் செய்து கொடுத்தால், ஜெயிக்காத அன்று பிள்ளை என்ன நினைக்கும்? தான் உழைக்கவில்லை என்று நினைக்கும். அது அநியாயம். பயிற்சி செய்தால் இப்போது ஆடுவதைவிட நன்றாக ஆடுவாய் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்தும். அதைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

அப்படியானால் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா?

உங்களுக்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். ஏழு எட்டு வயது வரை பிள்ளைகளுக்கு முயற்சியும் திறமையும் ஒன்றுதான். கஷ்டப்பட்டு ஓடினால் தான் நல்ல ஓட்டக்காரன் என்று நம்புவார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க அவசியமே இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் அவர்களே மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சரியாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள். டீம் பிரிக்கும்போது கடைசி வரை நிற்கிற பிள்ளைக்குப் புதிதாக நாம் என்ன சொல்லிவிடப் போகிறோம்?

ஆகவே கேட்காதபோது சொல்லாதீர்கள், கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

“அப்பா, நான் நல்லா ஆடுறேனா?”

“உனக்கு என்ன தோணுது?”

“எல்லாரும் என்னைவிட நல்லா ஆடுறாங்க.”

“சில பேர் இப்போ உன்னைவிட நல்லாத்தான் ஆடுறாங்க. ஆனா போன வருஷம் உன் சர்வீஸ் வலையையே தாண்டாது. இப்போ பாதிக்கு மேல தாண்டுது. அடுத்து எது வரணும்னு நினைக்கிற?”

“பேக்ஹேண்ட்.”

இந்த அப்பா ஒப்பீட்டை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவர் அடுத்துச் சொன்னதையும் பிள்ளை நம்பியிருக்காது. ‘நீதான்டா பெஸ்ட், கோச்சுக்குத்தான் தெரியல’ என்பது கேட்க இதமாக இருக்கும். ஆனால் பிள்ளைக்கு அன்று முதல் உங்கள் பாராட்டு செல்லாக்காசு.

பிறகு எதைப் பாராட்டுவது?

கண்ணால் பார்த்ததைப் பாராட்டுங்கள். ‘சூப்பர்’ என்பதை மூன்றாவது தடவை சொல்லும்போது பிள்ளையே திரும்பிப் பார்க்காது. ‘கோல் விழுந்த பிறகும் நீ நிற்காமல் ஓடி உன் இடத்துக்குத் திரும்பினாய்’ என்று சொன்னால், அப்பா நிஜமாகவே மேட்ச் பார்த்திருக்கிறார் என்று தெரியும். உளவியலாளர்கள் கரோல் ட்வெக்கும் கிளாடியா ம்யூல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று புகழப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் துவண்டுபோனார்கள். ‘நன்றாக முயன்றாய்’ என்று கேட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். அது படிப்பு சார்ந்த புதிர்களை வைத்துச் செய்த சோதனை என்றாலும், மைதானத்தில் இது எனக்கு அப்படியே பொருந்திவருகிறது.

ஒன்றே ஒன்று: முயற்சியைப் பாராட்டுவதே ஆறுதல் பரிசாக ஆகிவிடக் கூடாது. தோற்ற நாளில் மட்டும் ‘பரவாயில்ல, நல்லா முயற்சி பண்ணின’ என்று சொன்னால், ‘முயற்சி’ என்பதற்குத் தோல்வி என்றுதான் அர்த்தம் என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். ஜெயித்த நாளிலும் அதையே பாராட்டுங்கள்.

மேட்ச் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்ன பேசுவது?

ஒன்றும் பேச வேண்டாம். அதாவது மேட்சைப் பற்றி. பிள்ளை ஆரம்பித்தால் கேளுங்கள். அந்தப் பந்தை ஏன் விட்டாய், அங்கே ஏன் நின்றாய் என்ற விசாரணை எல்லாம் அந்தப் பயணத்தில் கூடவே கூடாது. வேர்வை காயாத பிள்ளைக்கு அந்த நேரத்தில் இரண்டாவது கோச் தேவையில்லை.

எப்போதும் பெஞ்சிலேயே உட்கார வைக்கிறார்கள். கோச்சிடம் சண்டை போடலாமா?

வயதைப் பொறுத்தது. 11, 12 வயதுக்கு உட்பட்ட அணியில் ஒரு பிள்ளையை ஆட்டத்துக்கு ஆட்டம் உட்கார வைப்பது தப்பு என்பது என் தீர்மானமான கருத்து. அந்த வயதில் கப் வாங்குவதால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. ஆடாமல் யாரும் கற்றுக்கொள்ளவும் முடியாது. கோச்சிடம் தனியாக, மேட்ச் இல்லாத நாளில் போய்ப் பேசுங்கள். ‘ஏன் இறக்கவில்லை’ என்று ஆரம்பித்தால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். ‘இவன் எதில் தேறினால் பத்து நிமிடமாவது இறக்குவீர்கள்?’ என்று கேட்டால் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் தெளிவாக இருந்தால் வீட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. பதிலே வராவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.

15 வயதில், போட்டிக்கென்றே அமைந்த அணியில், கோச் பலமானவர்களை இறக்குவது நியாயம். அங்கே உங்கள் பிள்ளைக்கு இரண்டாவது அணியோ, பொழுதுபோக்காக ஆடும் குழுவோ பொருத்தமாக இருக்கும். பெரிய அணியில் பெஞ்சில் இருப்பதைவிடச் சின்ன அணியில் முழு நேரம் ஆடுவது நல்லது. டீ-ஷர்ட்டில் பெரிய பெயர் இருக்காது, அவ்வளவுதான். கடைசி முடிவைப் பிள்ளையிடம் விடுங்கள். பெரிய அணியின் பெஞ்சையே விரும்பும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நண்பர்கள் அங்கே இருப்பார்கள்.

செலக்‌ஷனில் பெயர் வரவில்லை. எப்படித் தேற்றுவது?

முதலில் அழ விடுங்கள். ‘இதுக்கெல்லாம் அழுவியா’ என்பதும் ‘விடு, அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, பேச்சை முடித்துவைக்கின்றன.

அப்புறம், கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கதையைச் சொல்லாதீர்கள். பள்ளி அணியிலிருந்து அவரையே நிராகரித்தார்கள், பிறகு பார், உலகப் புகழ் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கதை பாதிதான் சரி. 1978இல் அவரை முதல் அணியில் சேர்க்கவில்லை, உண்மை. ஆனால் அவர் போனது அதே பள்ளியின் இளையோர் அணிக்கு. அங்கே அவர்தான் நட்சத்திரம். அப்போது அவர் உயரம் சுமார் 5 அடி 10 அங்குலம், பிற்பாடு 6 அடி 6 அங்குலம் ஆனார். திறமை இல்லாத பிள்ளைக்கு ஆறுதலாகச் சொல்ல அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. ‘நீயும் ஒரு நாள் ஜோர்டன் ஆவாய்’ என்ற மறைமுக வாக்குறுதிதான் இருக்கிறது.

நாலைந்து நாள் கழித்து, ஆட்டம் தொடர வேறு என்ன வழி என்று சேர்ந்து பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பட்டியலில் பெயர் இல்லாததைவிட, மாலையில் எங்கே போய் ஆடுவது என்பதுதான் பெரிய கவலை.

எப்படிப்பட்ட கோச் வேண்டும்?

பயிற்சி நேரத்தில் ஒரு பத்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். வரிசையில் காத்து நிற்கும் நேரம் அதிகமா, பந்தைத் தொடும் நேரம் அதிகமா? சுமாராக ஆடும் பிள்ளைகளின் பெயர் கோச்சுக்குத் தெரிகிறதா? தப்புச் செய்த பிள்ளையிடம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறாரா, வெறுமனே கத்துகிறாரா? முதல் இரண்டு கேள்விகளிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆக மாட்டார். டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்கருக்குப் பள்ளி நாட்களில் அப்போது வழக்கத்தில் இருந்த உயரம் தாண்டும் முறை சரியாக வரவில்லை. முதுகைக் கம்பியின் பக்கம் திருப்பித் தாண்டிப் பார்த்தார். அந்த முறையில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். இன்று எல்லோரும் அப்படித்தான் தாண்டுகிறார்கள். உங்கள் பிள்ளை எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். பேட்டைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பிடித்தால் பந்து படுகிறது என்றால், படட்டுமே.

வீட்டில் நான் எப்படி உதவலாம்? எனக்கு அந்த விளையாட்டே தெரியாது.

தெரியாமல் இருப்பது ஒரு வகையில் நல்லது, திருத்த மாட்டீர்கள். பந்து எடுத்துப் போடுங்கள், போதும்.

முக்கியமான விஷயம், ஆட்டத்தைப் பிள்ளையின் அளவுக்குக் குறைப்பது. சுலபமாக வராத பிள்ளைக்குப் பெரியவர்களின் பந்து, பெரியவர்களின் வேகம், பெரியவர்களின் தூரம் மூன்றும் சேர்ந்தால் ஒரு பந்தும் படாது. படாத பந்திலிருந்து கற்க எதுவும் இல்லை. சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2012 முதல் 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்துகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதியே வைத்தது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று வகை. சிவப்புதான் ஆக மெதுவானது. இதே யோசனையை எதிலும் செய்யலாம். எடை குறைந்த பேட், சின்ன கால்பந்து, தாழ்த்திய கூடை, கிட்டே வைத்த கோல். பத்து முயற்சியில் ஆறேழு வெற்றி பெறும் அளவுக்குச் சுலபமாக்குங்கள். அது எட்டு ஒன்பது ஆனதும் கொஞ்சம் கடினமாக்குங்கள்.

ஒரு தடவையில் ஒரு விஷயம் மட்டும். கால் வைக்கும் இடம், முழங்கை, பார்வை என்று ஒரே மூச்சில் மூன்றையும் சொன்னால் பிள்ளை சிலையாகிவிடும். 15 நிமிடம் நன்றாக ஆடி, இன்னும் ஆடலாமே என்று பிள்ளை கெஞ்சும்போது நிறுத்துவது, ஒரு மணி நேரம் இழுப்பதைவிட மேல்.

முன்னேற்றத்தைக் குறித்து வைக்க ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம். மெதுவாகத் தேறும் பிள்ளைக்குத் தன் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. தொடர்ந்து எத்தனை தடவை பந்தைக் கீழே விடாமல் தட்டினேன் என்று பிள்ளையே எழுதட்டும், நீங்கள் எழுதாதீர்கள்.

ஆர்வம் இருக்கிறதே என்று எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய விடலாம்?

இந்தப் பிள்ளைகளிடம்தான் ஆபத்து அதிகம், மற்றவர்களை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று இரட்டிப்பு நேரம் கேட்பார்கள். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு விளையாட்டில் முறையான பயிற்சி வாரத்துக்குப் பிள்ளையின் வயதைவிட அதிக மணி நேரம் போகக் கூடாது. 10 வயது என்றால் வாரம் 10 மணி நேரத்துக்குள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருடத்தில் இரண்டு மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு.

வளரும் வயதில் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி மென்மையானது. முழங்கால் சில்லுக்குக் கீழே வலி, குதிகால் வலி இரண்டும் அடிக்கடி வரும். ‘வலியைத் தாங்கினால்தான் வீரன்’ என்ற பேச்சை வீட்டில் அனுமதிக்காதீர்கள். ஓடும்போது நொண்டினால் அன்றோடு நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கமும் பயிற்சியின் ஒரு பகுதிதான்: 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், அதற்கு மேல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம்.

தங்கையும் அதே விளையாட்டில் சேர்ந்தாள். ஆறே மாதத்தில் அண்ணனை மிஞ்சிவிட்டாள்.

இந்தப் பட்டியலிலேயே கடினமான கேள்வி இதுதான், முழுத் தீர்வு என்னிடம் இல்லை. தங்கையை நிறுத்துவது தப்பு. அவள் வெற்றியை வீட்டில் ஒளித்து ஒளித்துக் கொண்டாடுவதும் தப்பு, இரண்டு பேருமே அதைக் கவனிப்பார்கள். முடிந்தால் வேறு வேறு நாளில், வேறு வேறு குழுவில் பயிற்சிக்கு அனுப்புங்கள். இருவரையும் ஒன்றாக நிறுத்திப் போட்டி வைக்காதீர்கள்; வீட்டுக்கு வருகிற உறவினர்கள் வைப்பார்கள், அதையும் தடுத்துவிடுங்கள். ‘நீ அண்ணன், விட்டுக்கொடு’ என்பதை இந்த விஷயத்தில் மட்டும் சொல்லவே கூடாது.

அண்ணனுக்குத் தெரிந்து தங்கைக்குத் தெரியாதது ஏதாவது இருக்கும். விதிகள், ஆட்டத்தின் நுணுக்கம், எதிரணி எங்கே நிற்கும் என்ற கணிப்பு. உடல் ஒத்துழைக்காத பிள்ளைகள் பல சமயம் தலையால் ஆடப் பழகியிருப்பார்கள். அவளாகப் போய்க் கேட்டால் அவன் சொல்லிக் கொடுக்கட்டும். நீங்கள் ஏற்பாடு செய்தால் அது நாடகமாகிவிடும்.

வேறு விளையாட்டுக்கு மாற்றிவிட்டால் என்ன?

மாற்றாதீர்கள், சேருங்கள். 12 வயதுக்குள் இரண்டு மூன்று விளையாட்டு ஆடுவது எந்தப் பிள்ளைக்குமே நல்லது. ஒரே தசைகளுக்குத் திரும்பத் திரும்ப வேலை கொடுப்பதும் குறையும். நீச்சல், ஓட்டம், தற்காப்புக் கலை போன்றவற்றில் அணியில் இடம் பிடிக்கும் போராட்டம் குறைவு, தன் பழைய நேரத்தோடு தானே போட்டி போடலாம். ‘உனக்கு அது வரல, இதுக்கு வா’ என்று அழைக்காதீர்கள். ‘இதையும் பார்க்கலாமா?’ போதும்.

புதியதில் பிரமாதமாக ஆடியும் பழையதற்கே ஏங்கும் பிள்ளைகள் உண்டு. பெற்றோருக்கு அது புரியவே புரியாது. ஒன்றில் கெட்டிக்காரனாக இருப்பதும் ஒன்றை நேசிப்பதும் வேறு வேறு என்பதைப் பெரியவர்களான நாம் மறந்துவிட்டோம். நம்மில் பாதிப் பேர் நன்றாகச் செய்கிற வேலையைச் செய்துகொண்டு, சுமாராகப் பாடிக்கொண்டு இருக்கிறோம்.

மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.

ஒரு தடவை நடந்த கிண்டலுக்கும் தினசரி அவமானத்துக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதற்குப் பிள்ளையிடம் ஒரு பதில் இருந்தால் போதும்: “ஆமா, விட்டுட்டேன். அடுத்த பந்தைப் போடு.” இரண்டாவது கோச்சின் பொறுப்பு. நீங்கள் நேராகக் கேலி செய்த பிள்ளைகளைக் கண்டிக்கப் போகாதீர்கள், அடுத்த நாள் கேலி இரட்டிப்பாகும். கோச் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிறார் என்றால், அல்லது அவரே கேலியை ஆரம்பித்து வைக்கிறார் என்றால், அங்கிருந்து கூட்டி வந்துவிடுங்கள்.

‘பெரிய ஆட்டக்காரனாகத்தான் ஆவேன்’ என்கிறான். கனவைக் கலைக்க வேண்டுமா?

ஒன்பது வயதிலா? விடுங்கள். அந்த வயதில் விண்வெளிக்குப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் யாரும் ராக்கெட் கணக்குக் கேட்பதில்லை. 14, 15 வயதில், அதை நம்பிப் படிப்பை விடப் போகிறேன் என்றால் பேசித்தான் ஆக வேண்டும். அப்போதும் தீர்ப்பு உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். அந்த வயதுப் பிரிவில் மேல்மட்டத்தில் ஆடுபவர்களின் நேரம், தூரம், ரன் விவரங்களை அவனே தேடிப் பார்க்கட்டும், அல்லது வெளியில் உள்ள ஒரு கோச்சிடம் மதிப்பீடு கேட்கட்டும். எண்கள் பேசிவிட்டால் நீங்கள் அவன் பக்கத்தில் நிற்கலாம், எதிரில் நிற்க வேண்டியதில்லை.

ஆடாமலேயே அந்த விளையாட்டோடு இருக்க வழி உண்டா?

நிறைய. உலகக் கோப்பைக் கால்பந்தின் 2002 இறுதிப் போட்டிக்கு நடுவராக இருந்த இத்தாலியர் பியர்லூஜி கொலினா, ஊர் அணியில் தடுப்பாட்டக்காரராக ஆடிக்கொண்டிருந்தவர். 17 வயதில் நடுவர் பயிற்சிக்குப் போனார், பாதை அங்கே திரும்பியது. ஏ.சி. மிலன் அணியை 1989, 1990 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வெல்ல வைத்த பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கி தொழில்முறையில் ஆடியதே இல்லை. மழையால் தடைபட்ட கிரிக்கெட் ஆட்டங்களில் இலக்கை மாற்றிக் கணக்கிடும் முறையைத் தந்த ஃபிராங்க் டக்வொர்த்தும் டோனி லூயிஸும் புள்ளியியல்காரர்கள். அந்த முறை 1997இல் முதன்முதலாக சர்வதேச ஆட்டத்துக்கு வந்தது.

ஸ்கோர் எழுதுவது, அம்பயரிங், வீடியோ எடுத்து அலசுவது, குட்டிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் உதவுவது எல்லாம் 12, 13 வயதிலேயே ஆரம்பிக்கலாம். ஆனால் ஆட ஆசைப்படும் பிள்ளையின் கையில் ஸ்கோர் நோட்டைத் திணித்து ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். அது ஆட்டத்துக்குக் கூடுதலாக வர வேண்டும், பதிலாக அல்ல.

படிப்பு கெடுமே?

ஆடுவதால் பொதுவாகக் கெடாது. நேரம் ஒழுங்காக இல்லாவிட்டால் கெடும். மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக விளையாட்டை நிறுத்துவதை மட்டும் தவிருங்கள். மனம் தளர்ந்திருக்கும் பிள்ளையிடமிருந்து அதற்குப் பிடித்த ஒன்றையும் பிடுங்கினால் மதிப்பெண் ஏறாது.

ஜெயிக்கப் போவதில்லை என்றால் இத்தனை நேரமும் செலவும் எதற்கு?

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காகப் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டு திரியும் வீடுகள் எத்தனையோ. உங்கள் வீட்டில் பிள்ளை தானாக ஓடுகிறது. செலவைப் பொறுத்தவரை, சிறப்புப் பயிற்சி, விலை உயர்ந்த சாமான், வெளியூர் முகாம் எல்லாம் இந்தப் பிள்ளைக்கு அவசியமில்லை. சாதாரணக் குழு, காலுக்குச் சரியான ஷூ போதும். குடும்பத்தால் தாங்க முடிகிற அளவில் நிறுத்திக்கொண்டால், ‘இவ்வளவு செலவு பண்றோமே’ என்ற வார்த்தை உங்கள் வாயில் வராது. அது வந்துவிட்டால் விளையாட்டு கடனாகிவிடும்.

பிள்ளையே ஒரு நாள் ‘போதும், நிறுத்திக்கிறேன்’ என்றால்?

அன்று கோபமாக இருக்கிறதா, கொஞ்ச நாளாகவே மனம் விலகிவிட்டதா என்று பாருங்கள். மோசமாகத் தோற்ற மறுநாள் எடுக்கும் முடிவை இரண்டு வாரம் தள்ளிப்போடலாம். அணி விளையாட்டு என்றால், ஒத்துக்கொண்ட சீசனை முடித்துக்கொடுக்கச் சொல்வதும் நியாயம். அதன் பிறகும் வேண்டாம் என்றால் சரி என்று விடுங்கள். ‘நான் அப்பவே சொன்னேன்’ வேண்டாம், ‘இத்தனை வருஷம் வீணா?’ வேண்டாம். ஷூவையும் பேட்டையும் உடனே யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகள் அடிக்கடி திரும்பி வருவார்கள்.

அவர்கள் நிறுத்தாவிட்டாலும் நானே நிறுத்த வேண்டிய சமயம் எது?

சுமாராக ஆடுவது அதற்குக் காரணமே இல்லை. வலியை மறைத்துக்கொண்டு ஆடுவது தெரிந்தால், பயிற்சி நாளில் வயிற்றுவலி, தலைவலி என்று உடம்பு சாக்குச் சொல்ல ஆரம்பித்தால், தூக்கம் கெட்டால், கோச் அடித்தால் அல்லது அவமானப்படுத்தினால், எடையைக் குறைப்பதற்காகப் பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் உடனே தலையிடுங்கள். அந்த இடத்திலிருந்து, அல்லது அந்த அளவுப் பயிற்சியிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். விளையாட்டையே தடை செய்துவிடாமல், உடம்பும் மனமும் சரியான பிறகு எங்கே, எப்படி மறுபடி ஆட விரும்புகிறாய் என்று கேளுங்கள்.